ரூட் கெனால் முடிந்து நான்கு நாள், உதடு இன்னும் மரத்தே இருக்கிறது

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):
செவ்வாய்க்கிழமை இடது கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் செய்தார்கள். மரப்பு ராத்திரிக்குள் போய்விடும் என்றார்கள். போகவில்லை. கீழுதட்டில் இடது பாதியும் மோவாயும் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. காபி டம்ளரின் விளிம்பு வலப்பக்கம் சுடுகிறது, இடப்பக்கம் தெரியவே இல்லை. நான் நாகஸ்வரக்காரன். ஊதுகிற திருவாவடுதுறைச் சீவாளியை (நாணல் ஊதுவாய்) வாயில் வைத்தால் எங்கே இருக்கிறதென்றே புரியவில்லை. முகூர்த்தம் நெருங்குகிறது, பயமாக இருக்கிறது.

பல் டாக்டர், தஞ்சை:
அண்ணே, தள்ளிப்போடாதீர்கள். கீழ்க் கடைவாய்ப்பல் வேர்களுக்கு அடியில், தாடை எலும்புக்குள் உணர்வு நரம்பு ஓடுகிறது. இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு ரொம்பவே நெருக்கம். வேர்நுனியைத் தாண்டி நிரப்பும் மருந்தோ, கழுவும் ஹைப்போகுளோரைட்டோ இறங்கினால் நரம்பு நசுங்கும் அல்லது புண்ணாகும். சிபிசிடி ஸ்கேனில் (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) மருந்து இறங்கியிருந்தால் தெரியும். இறங்கியிருந்தால் முதல் இரண்டு நாளில் எடுப்பதுதான் உத்தமம். இப்போதும் வாய், முக அறுவை நிபுணரை இன்றே பாருங்கள். மரத்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள். உதட்டை அசைக்கும் நரம்பு வேறு, அது பொதுவாக இதில் கெடாது.

கும்பகோணத்துக்காரி:
எங்கள் அம்மாவுக்கும் இப்படித்தான். முதலில் எறும்பு ஊர்வது போல ஊறியது, அப்புறம் ஐந்து மாதத்தில் சரியானது.

வெண்ணாற்றங்கரை:
கோடு போட்டுப் படம் எடுத்துவிட்டேன். மதிய பஸ்ஸில் தஞ்சாவூர் கிளம்புகிறேன்.