தலங்கமவில் வாலடி வெள்ளையான உள்ளான்: வுட்டா, கிறீனா?

வயல்வரம்பு:
கொழும்பை அண்டிய தலங்கம குளத்துக்குப் பக்கத்து வயலில், செப்டெம்பர் கடைசியில், தனியாக ஒரு உள்ளான். முதுகு நல்ல கறுப்பு, புள்ளிகள் பெரிதாகத் தெரியவில்லை. எழும்பும்போது வாலடி பளிச்சென்று வெள்ளை. பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் கிறீன் சாண்ட்பைப்பர் என்று போடலாமா, இல்லை வுட் சாண்ட்பைப்பரா? கீழிருந்து எடுத்த பறக்கும் படம் ஒன்று மட்டும் இருக்கிறது.

நீர்க்கரை:
வாலடி வெள்ளை இரண்டுக்கும் உண்டு. கொமன் சாண்ட்பைப்பர் இல்லை என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. கறுத்த முதுகையும் நம்ப வேண்டாம்: இந்த மாதம் வந்திறங்கும் வளர்ந்த வுட்களின் இறகு தேய்ந்து, வெளிறிய புள்ளிகள் உதிர்ந்து, கறுப்பாகத்தான் தெரியும். அந்த ஆண்டுக் குஞ்சென்றால் புள்ளி புதுசாக, மஞ்சள் சாயலோடு நிறைய இருக்கும்.

செட்டையின் அடிப்பக்கம்தான் தீர்ப்பு. கிறீனுக்குக் கிட்டத்தட்டக் கறுப்பு. வுட்டுக்கு வெளிறிய சாம்பல். அடுத்தது புருவம், அதாவது கண்ணுக்கு மேலுள்ள வெள்ளைக் கோடு: வுட்டுக்குக் கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும், கிறீனுக்குக் கண்ணோடு நின்றுவிடும். வாலில் கிறீனுக்கு அகலமான சில பட்டைகள், வுட்டுக்கு மெல்லியவை கனக்க.

மூன்றாம்கால்:
படம் கீழிருந்து என்றால் கவனம். வானம் வெளிச்சமாக இருந்தால் வுட்டின் செட்டையும் கறுப்பாக விழும். வயிற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வயிறும் மங்கிச் சாம்பலாக இருந்தால் அது நிழல், முடிவெடுக்காதீர்கள். வயிறு வெள்ளையாகவே இருக்க, செட்டை மட்டும் கரியாக இருந்தால் கிறீன். அடுத்த முறை எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப் கூட்டி, ஷட்டர் 1/2000க்குக் குறையாமல், வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுங்கள்.

வயல்வரம்பு:
வயிறும் சாம்பல்தான். கால் கறுப்பாக இருந்தது, அது உதவுமா?

நீர்க்கரை:
உதவாது. வயல் சேறு பட்டால் வுட்டின் மஞ்சட்காலும் கறுத்துப்போகும். சத்தம் கேட்டதா? வுட் எழும்பும்போது ‘சிஃப்-இஃப்-இஃப்’ என்று வறட்டுக் குரலில் அவசரமாகக் கத்தும். கிறீனின் குரல் தெளிவாக, மணிபோல ஒலிக்கும்.

மூன்றாம்கால்:
தனியாக நின்றதும் சாட்சியாகாது. கிறீன் வாய்க்கால் ஓரம், ஒடுங்கிய குழி என்று ஒதுங்கும். ஆனால் கூட்டம் வந்துசேர முன்பு வுட்டும் தனியாகத்தான் நிற்கும். கொழும்புப் பக்கம் வுட்தான் வழமை. இப்போதைக்கு ‘டிரிங்கா இனம்’ (இரண்டும் அடங்கும் பேரினம்) என்று பதிந்து படத்தையும் ஏற்றிவிடுங்கள், பிறகு மாற்றலாம். விடியக் காலையில் அதே வயலைப் பாருங்கள். இரை இருந்தால் நாட்கணக்கில் அங்கேயே நிற்கும்.