தங்கச்சிய "ஆம்பளை மாதிரி இருக்கா"ன்னு பேசுறாவ, நான் எப்படி கூட நிக்க?

கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கம் எங்க வீடு. தங்கச்சி ரப்பர் பால் வெட்டுவா, விடியக்காலம் நெத்தியில லைட்டு கட்டிட்டு கத்தியோட தோட்டத்துக்கு போயிருவா, முடிய கிராப்பா வெட்டிட்டு பேண்ட் சட்டைதான் போடுவா. போன வாரம் கல்யாண வீட்டுல சித்தி எல்லாரு முன்னாலயும் "பொம்பளைப்பிள்ளையா இது"ன்னு கேட்டுட்டாவ, அவ பாதி சாப்பாட்டுல இலைய மடக்கிட்டு எந்திச்சு போயிட்டா, நான் வாயே திறக்கல, அதுதான் உறுத்துது.

பதில் 1:
மக்களே, முதல்ல அவகிட்ட மன்னிப்பு கேளு. "நீ கொஞ்சம் முடி வளத்தா என்ன"ன்னு மட்டும் செல்லிராத.

பதில் 2:
தோள்சீலைப் போராட்டம் நடந்த மண்ணு இது. அன்னைக்கு மார மறைச்சதுக்கு நம்ம பாட்டிமாருக்க துணிய கிழிச்சு அடிச்சாவ, 1859ல தான் மார மறைக்கலாம்னு திருவிதாங்கூர் ராஜா உத்தரவே போட்டாரு. இன்னைக்கு பேண்ட் போட்டா தப்புங்காவ. இத சித்திகிட்ட செல்லுங்க.

பதில் 3:
நானும் முடி வெட்டினவதான், நாகர்கோவில்ல புல்லட் ஓட்டுறேன். ஒரு விசேஷ வீட்டுல இப்பிடி பேச்சு வந்தப்ப எங்க அண்ணன் ஒண்ணும் செல்லாம எம்பக்கத்துல வந்து இலை போட்டு உக்காந்தான், பேச்சு அப்பிடியே நின்னுட்டு. அத நான் இன்னும் மறக்கல.

கேட்டவர்:
இப்பதான் அவகிட்ட பேசினேன், அழுதுட்டா. ஞாயித்துக்கிழமை சித்தி வீட்டுக்கு ரெண்டுபேரும் போறோம்.