14 வயதுப் பையனுக்கு முதல் மான்வேட்டை ரைஃபிள்: மாமனாரின் 30-06 சரிப்படுமா?

தேன்சிட்டு:

வணக்கம். என் பையனுக்கு 14 வயது. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டான். வரும் மான் சீசனில் தாத்தாவோடு காட்டுக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஆள் ஒல்லி, 45 கிலோ தேறினால் அதிகம். 22 எல்.ஆர். என்ற சின்னத் தோட்டா ரைஃபிளில் அட்டையைச் சுட்டுப் பழகியிருக்கிறான், குறி மோசமில்லை.

என் மாமனார் தன்னுடைய பழைய 30-06ஐ அவனுக்கே தந்துவிடுவதாகச் சொல்கிறார். தானும் சின்ன வயதில் அதில்தான் கற்றுக்கொண்டாராம், இதைச் சுடத் தெரிந்தால் எதையும் சுடலாம் என்பது அவர் கட்சி. கணவரின் நண்பர் 243 வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் 6.5 க்ரீட்மூர் என்கிறார். எனக்கு இந்த எண்களெல்லாம் ஒன்றுதான். மாமாவின் மனமும் நோகக்கூடாது, பையனின் தோளும் நோகக்கூடாது. என்ன செய்யலாம்?

ரேஞ்ச்காரன்:

சகோதரி, இந்த எண்களெல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள், அவற்றை ஓரமாக வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது பின்கட்டையின், அதாவது தோளில் வைக்கும் பகுதியின், நீளம். பெரியவர்களுக்கான ரைஃபிளில் விசையிலிருந்து பின்கட்டையின் முனைவரை 34, 35 செ.மீ. இருக்கும். சிறுவர் மாடல்களில் 31, 32 செ.மீ. கேட்க அற்ப வித்தியாசம்தான், ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

மாமாவின் துப்பாக்கியை வைத்தே பார்த்துவிடலாம். போல்ட்டை (தோட்டா அறையை மூடும் தண்டை) திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, விரலை விட்டும் தடவிப் பாருங்கள். பிறகு பையன் காட்டுக்குப் போடும் தடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு, குழலைப் பத்திரமான பக்கம் நீட்டி, முழங்கையை மடக்கட்டும். பின்கட்டையின் முனை முழங்கை மடிப்பில் படிந்திருக்கும்போது ஆள்காட்டி விரலின் நுனிச்சதை விசைக்குச் சிரமமில்லாமல் எட்ட வேண்டும். எட்டவில்லையென்றால் அது அவனுக்கான துப்பாக்கி இல்லை. நீளம் அதிகமானால் பிள்ளைகள் இடுப்பைப் பின்னால் வளைத்து, கழுத்தை முன்னால் நீட்டி நிற்பார்கள். கட்டை தோள்குழியை விட்டு நழுவிப் புஜத்தில் உட்காரும். அப்புறம் சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும் உதை விழுவதும் அங்கேதான்.

அடுத்தது மிரட்சி. நான் ரேஞ்சில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன். பெரிய துப்பாக்கியில் ஆரம்பித்த பிள்ளை வந்தால், அவனுக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவில் வெடிக்காத டம்மித் தோட்டா ஒன்றைக் கலந்து வைப்போம். விசையை இழுப்பான், 'டிக்' என்று சத்தம் மட்டும் வரும். வெடிக்கவே இல்லை, ஆனாலும் குழல் முனை பொசுக்கென்று கீழே இறங்கும், இரண்டு கண்ணும் இறுக மூடியிருக்கும். இந்த வழக்கம் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. மான் முன்னால் நிற்கும்போது இதே மாதிரி இழுத்தால் குண்டு நெஞ்சில் படாமல் காலில் படும். அடிபட்ட மான் ஓடி எங்கோ புதருக்குள் கிடந்து சாகும். பையனின் தோளைவிட எனக்கு அதுதான் பெரிய கவலை.

இப்போது எண்களுக்கு வருவோம். 243 வின்செஸ்டர் 1955இல் வந்தது. 308 என்ற இன்னொரு வகையின் தோட்டாக்கூட்டின் கழுத்தைச் சுருக்கிச் செய்தது. உதை 30-06இல் ஏறக்குறைய பாதிதான். மானுக்குத் தாராளமாகப் போதும், ஆனால் குண்டைப் பார்த்து வாங்குங்கள். மானுக்கு 95, 100 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு. அதே 243இல் 55, 58 கிரெய்னிலும் விற்பார்கள். அது சின்னப் பிராணிகளுக்கானது, மேலேயே சிதறிவிடும், ஆழமாக இறங்காது.

1980இல் வந்த 7எம்எம்-08 ரெமிங்டனும் அதே 308 குடும்பம்தான். உதை கொஞ்சம் கூட, ஆனால் பையன் வளர்ந்து பெரிய விலங்குகளுக்குப் போனாலும் கைகொடுக்கும். 6.5 க்ரீட்மூர் 2007இல் வந்தது, உதையில் இவை இரண்டுக்கும் நடுவில். மூன்றில் எதுவானாலும் குறை சொல்ல மாட்டேன். 45 கிலோப் பையன் என்பதால் என் ஓட்டு 243க்கு.

பிள்ளைக்கு லேசான துப்பாக்கியாகப் பார்த்து வாங்குகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். எடை குறையக் குறைய உதை கூடும். ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கியோடு) சேர்த்து மூன்றரைக் கிலோ இருந்தால் நல்லது.

செங்காந்தள்:

ரேஞ்ச்காரன் அண்ணா சொன்னது சரி, ஆனால் தாத்தா கையால் வாங்கும் துப்பாக்கிக்கு ஒரு மதிப்பு உண்டு இல்லையா? 30-06க்கே உதை குறைந்த தோட்டாக்கள் வருகின்றனவே. ஹார்னடி கம்பெனியில் 'கஸ்டம் லைட்' என்று ஒரு வரிசையே இருக்கிறது. அதைப் போட்டுச் சுடட்டும். செலவும் மிச்சம்.

ரேஞ்ச்காரன்:

செங்காந்தள், தோட்டாவை மாற்றினால் உதை குறையும், ஒப்புக்கொள்கிறேன். கட்டை குட்டையாகாதே? பழைய துப்பாக்கியின் கட்டையை அறுத்துக் குட்டையாக்குகிறேன் என்று யாராவது வந்தால் நானே தடுப்பேன். இரண்டே வருஷத்தில் பையன் தாத்தாவைவிட உயரமாகிவிடுவான், அறுத்த மரம் வளராது. கட்டை அவன் கைக்கு அடங்குகிறது என்றால் நீங்கள் சொன்ன தோட்டாவே நல்ல வழி.

இன்னொன்று, உதையைக் குறைக்க முனையில் மஸில் பிரேக் மாட்டச் சொல்வார்கள். வேண்டாம். ரைஃபிள் சத்தம் சும்மாவே 150 டெசிபலைத் தாண்டும். பிரேக் அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் காது போய்விடும். ரேஞ்சில் பையனுக்குக் காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் இயர்மஃப், இரண்டும் வேண்டும். பாதி மிரட்சி உதையால் வருவதே இல்லை, சத்தத்தால் வருவது.

ஒற்றையடி:

துப்பாக்கியைப் பற்றி அண்ணாவே எல்லாம் சொல்லிவிட்டார். நான் சொல்வது சட்டம். வாங்குவதற்கு முன் உங்கள் பகுதி வேட்டை விதிகளைப் படித்துவிடுங்கள். சில இடங்களில் மானுக்கு இவ்வளவு கேலிபராவது (குழலின் உள்விட்டமாவது) வேண்டும் என்று விதி இருக்கும். பல இடங்களில் சிறுவர் சுடலாம், ஆனால் துப்பாக்கி பெரியவர் பெயரில்தான் இருக்க வேண்டும், பெரியவர் கூடவே இருக்க வேண்டும். வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டுக்குள், தோட்டா தனிப் பூட்டுக்குள். பையன் எவ்வளவு பொறுப்பானவனாக இருந்தாலும் சாவி அவன் கையில் வேண்டாம்.

தேன்சிட்டு:

எல்லோருக்கும் நன்றி. அளந்து பார்த்தோம். விரல் விசைக்கு எட்டவே இல்லை. நான் வாய் திறப்பதற்குள் மாமாவே, "நீட்டமாத்தான் இருக்கு, இவன் தோள் கொஞ்சம் விரியட்டும்" என்று வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார். புதிதாக 243 வாங்க அவரும் சம்மதித்துவிட்டார். அவரே கூட வருகிறாராம்.

ஒரு சந்தேகம். எந்தக் கண் முந்துகிறது என்று தெரிய, இரண்டு கையையும் நீட்டி, நடுவில் சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியாகத் தூரத்துப் பொருளைப் பார்க்கச் சொன்னோம். இடக்கண்ணை மூடினால் பொருள் மறைந்துவிடுகிறது என்கிறான். எழுதுவது வலக்கையால். 22ஐயும் வலத்தோளில்தான் வைக்கிறான். இடக்கை ரைஃபிள் வாங்க வேண்டுமா?

ரேஞ்ச்காரன்:

மாமா பெரிய மனுஷர்.

இடக்கண் முந்துகிறது, அவ்வளவுதான். இப்படிப் பல பேர் இருக்கிறார்கள். இரண்டு கண்ணும் திறந்து சுடும் ஷாட்கன்னில் இது பெரிய தொல்லை. ஸ்கோப்பில் ஒரு கண்தான் வேலை செய்கிறது, அதனால் அவ்வளவு பாதிக்காது. வாங்குவதற்கு முன் அதே 22ஐ இடத்தோளில் வைத்துச் சில நாள் சுடட்டும். அதுவே இயல்பாக இருக்கிறது என்று அவன் வாயால் சொன்னால் இடக்கை போல்ட் வாங்குங்கள். டிக்கா, சாவேஜ் இரண்டு கம்பெனியிலும் கிடைக்கும். இல்லையென்றால் வலத்தோளிலேயே விட்டுவிடுங்கள், நன்றாகச் சுடுகிற பையனைக் குழப்ப வேண்டாம்.

எந்தப் பக்கமானாலும், நீளத்தைக் கூட்டிக் குறைக்கத் தட்டுகள் உள்ள கட்டையாகப் பாருங்கள். சாவேஜ் 110இல் சில மாடல்களிலும் மாஸ்பர்க் பேட்ரியட்டின் சிறுவர் மாடலிலும் அந்த வசதி இருக்கிறது. ஸ்கோப் 3-9 மடங்கு பெரிதாக்குவது போதும், காட்டுக்குள் 3இலேயே இருக்கட்டும். மாட்டும்போது பையன் பக்கத்தில் இருக்க வேண்டும். அவன் கன்னத்தை வைக்கிற இடத்திலிருந்து கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் 9 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். மாமாவின் கண்ணுக்கு அளந்து மாட்டினால் உதையில் ஸ்கோப் பையனின் புருவத்தைப் பதம் பார்த்துவிடும்.