டைவர்ஸுக்கு அப்புறம் புதுசா ஆரம்பிக்கிற காதல் நாவல் சொல்லுங்களேன்

நித்யமல்லி:
ஃப்ரெண்ட்ஸ், எனக்கு டைவர்ஸ் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. நைட்டு பையன தூங்க வச்சுட்டு அரை மணி நேரம் நாவல் படிப்பேன், ஆனா எந்தக் கதைய எடுத்தாலும் கடைசில எல்லாம் மிஸ்அண்டர்ஸ்டேண்டிங்னு சொல்லி அதே புருஷனோட சேத்து வச்சிடறாங்க, வயிறு எரியுது. திரும்பிப் போகாத பொண்ணோட காதல் கதை இருக்கா?

தேன்மொழி77:
நாவல் இல்ல சிஸ், படம். 1993ல பாலு மகேந்திரா எடுத்த "மறுபடியும்". புருஷன் திரும்பி வந்து நிக்கறப்ப ரேவதி முடியாதுன்னுடுவாங்க. எனக்கு அது போதும்.

வாசகி_மதுரை:
கோர்ட்ட நாவல்ல ஒரு வரில முடிச்சிடறாங்கப்பா, அதான் என் கோவம். ரெண்டு பேரும் சம்மதிச்சு கேக்கற மியூச்சுவல் டைவர்ஸ்னா கூட, இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவுல ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்தா தான் மனுவே போட முடியும், அப்புறம் ஆறு மாசம் வெயிட்டிங் (2017ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கப்புறம் ஜட்ஜ் நினைச்சா அந்த வெயிட்டிங் வேணாம்னு விடலாம்), அந்த நாள்ல எல்லாம் ஒரு பொண்ணு மனசு என்ன பாடு படும், வாடகைக்கு வீடு கேட்டா "சார் எங்க வேல பாக்கறார்"னு ஹவுஸ் ஓனர் கேப்பாரே, அந்த ஒரு நிமிஷத்த எழுதினா எவ்ளோ நல்லாருக்கும். ஹீரோ அப்புறமா மெதுவா வரட்டும்.

நித்யமல்லி:
ஐயோ அக்கா, அதே கேள்விய என்கிட்ட மூணு வீட்ல கேட்டாங்க. நாலாவது வீட்ல ஒரு பாட்டி எதுவும் கேக்காம சாவிய கைல குடுத்தாங்க, அங்க தான் இப்ப இருக்கோம்.