மறு: மறு: 720720-க்கு ஒரு பெயர் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

ரோஸ்ஹில் ஆசிரியை:
வணக்கம். இங்கே மொரீசியசில் நம் மாலைத் தமிழ் வகுப்புக்கு எண் அட்டை அச்சிடுகிறோம். 720720-க்கு 240 வகுத்திகள். 1 முதல் 16 வரை எதனால் வகுத்தாலும் மீதி வராது, 17இல்தான் மாட்டிக்கொள்ளும். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை. இராமானுசன் 1915இல் ஆராய்ந்த வகை, ஆங்கிலத்தில் 'highly composite number'. பிரெஞ்சுப் பத்தியில் 'நோம்ப்ர் ஓத்மாங் கொம்போசே' என்று எழுதியாயிற்று. தமிழ்ப் பத்தி காலி. 'மிகுபகு எண்' போடலாமா?

மோக்கா:
'மிகு' பேச்சுவழக்கில் சப்பென்று இருக்கிறது. "மீக்கூறும் மன்னன் நிலம்" என்கிறது 386ஆம் குறள். 'மீப்பகு எண்' என்க.

கத்ர் போர்ன்:
நடுவில் 'ப்' ஒற்று எதற்கு? 'மீகண்' என்ற பழஞ்சொல் ஒற்றில்லாமல் இயல்பாக வருகிறதே.

மோக்கா:
'மீக்கோள்' என்ற பழஞ்சொல்லில் 'க்' மிகவில்லையா? மேலும் மீ, மிசை, மேல், மேடு எல்லாம் ஒரே வேர். மேலுதட்டில் இருப்பதால்தான் மீசையே என்பாரும் உண்டு...

ரோஸ்ஹில் ஆசிரியை:
மீசை இருக்கட்டும் ஐயா, அச்சகம் காத்திருக்கிறது.

போர்ட் லூயி (ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்):
இந்த வகை எண்களின் பட்டியல் 1, 2, 4, 6, 12, 24 என்று போகும். 2 பகா எண். பகா எண்ணை 'மீப்பகு' என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆங்கிலப் பெயரிலேயே உள்ள கோளாறு அது, நாமும் ஏன் சுமக்க வேண்டும்? தனக்கு முந்திய எண்கள் அத்தனையையும் வகுத்தி எண்ணிக்கையில் விஞ்சுவதுதான் இதன் குணம். 665280-க்கு 224, அதை விஞ்சியது 720720. ஆகவே 'விஞ்செண்'. இன்னொன்று: 'ஏழு இலட்சத்து இருபதாயிரத்து' என்று படிக்காதீர்கள். 'எழுநூற்றிருபதாயிரத்து எழுநூற்றிருபது' என்று படித்தால் 720 × 1001 காதிலேயே விழும்.

மோக்கா:
விஞ்செண்ணா? எனக்கு 'நஞ்செண்' என்று கேட்கிறது. எதில் விஞ்சுகிறது என்பதும் சொல்லில் இல்லை.

யாழ்ப்பாணத்தில் படித்து இங்கே வந்தவர்:
எங்களுக்குப் பகு எண்ணே 'சேர்த்தி எண்', பகா எண் 'முதன்மை எண்'. முதலில் அதைத் தீர்ப்போமா?

கத்ர் போர்ன்:
அது தீர நம் ஆயுள் போதாது. அட்டையில் தமிழ் பிரெஞ்சுக்கு மேலே வரட்டும். 1998இல் ரூபாய் நோட்டில் தமிழைக் கீழே இறக்கியபோது நாம் போட்ட கூச்சலில் நோட்டையே திரும்பப் பெற்றார்கள், நினைவிருக்கிறதா?

ரோஸ்ஹில் ஆசிரியை:
மேலேயே வைக்கிறேன் அண்ணா, வைக்க ஒரு சொல் கொடுங்கள்.

(வியாழன் இரவு)

ரோஸ்ஹில் ஆசிரியை:
மீப்பகுவுக்கு மூன்று பேர், விஞ்செண்ணுக்கு இரண்டு பேர், மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். 'மீப்பகு எண்' என்றே அனுப்பிவிட்டேன். பிள்ளைகள் குழம்பாதிருக்க 2ஐப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

போர்ட் லூயி:
அம்மா, சொல் நொண்டினால் சொல்லை மாற்ற வேண்டும். 2 என்ன தப்பு செய்தது?