புது பிரீமியம் பிரேக் பேரல் ஏர் ரைஃபிள் வந்தா காசு குடுத்து வாங்குவீங்களா? கையில பிடிச்ச அனுபவம் இருந்தா சொல்லுங்க

சிங்காநல்லூர்க்காரன்:

வணக்கங்க. ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடற கேள்வி. நல்ல ஸ்டீல், வால்நட் கட்டை, ரெண்டு ஸ்டேஜ் ட்ரிகர் எல்லாம் போட்டு ஒரு புது பிரேக் பேரல், அதாவது பேரல மடக்கி உள்ள ஸ்ப்ரிங்க இழுத்து வச்சு குண்டு போடற ஏர் ரைஃபிள். குண்டு அளவு .177 இன்ச் தான், குண்டு வெளிய வர்ற சக்தி 20 ஜூலுக்குள்ள, அதனால லைசென்ஸ் தொல்லை இல்ல. விலை மட்டும் ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் விலை. நெசமா வாங்குவீங்களா, இல்ல ‘செம ப்ரோ’ன்னு போட்டுட்டு நகந்துருவீங்களா?

நானே ஆரம்பிக்கறேன். நம்மள்ல பாதி பேருக்கு முதல் பிரேக் பேரல் பலூன் கடை தானுங்க. கோனியம்மன் தேர் சமயத்துல எங்கப்பா கூட்டிட்டு போனாரு. கடைக்காரர் குண்டையெல்லாம் கன்னத்துல ஒரு பக்கமா அடக்கி வச்சிருப்பாரு, பேரல தொடையில வச்சு ஒரே மடக்கு, நாக்கால ஒரு குண்ட தள்ளி எடுத்து ஓட்டையில வச்சு கட்டைவிரல்ல அமுக்கி டக்குன்னு மூடி கையில குடுப்பாரு. ஈயமுங்க அது, இப்ப நினைச்சா பகீர்ங்குது. செவப்பு பலூன பாத்து சுட்டா ஒரு தடவ எடப்பக்கம் போகும், அடுத்த தடவ வலப்பக்கம் போகும். என் கை தான் சரியில்லன்னு நெனச்சேன். மடக்கற எடத்துல தேஞ்சு ஆட்டம் குடுத்தா மூடும்போது பேரல் ஒரே எடத்துல வந்து உக்காராதுன்னு தெரிஞ்சப்ப எனக்கு முப்பது வயசு. அதனால தான் கேக்கறேன், காசு அதிகம் குடுத்தா அந்த ஒரு எடத்துக்கு தான் குடுக்கறோமா?

ஒரு வேண்டுகோளுங்க, கொக்கு மைனா சுட்ட வீரக்கதை இங்க வேண்டாம். 1972 வனவிலங்கு சட்டம் ஒண்ணு இருக்கு.

வேளச்சேரி டு ரேஞ்ச்:

வாங்க மாட்டேன். நான் 10 மீட்டர் போட்டி சுடற ஆளு, பத்து பாயிண்ட் புள்ளியே அரை மில்லிமீட்டர் தான், அதுக்கு பிசிபி, அதாவது முன்னாடியே காத்து அடைச்சு வச்ச துப்பாக்கி தான் சரி. ஸ்ப்ரிங் துப்பாக்கில ட்ரிகர் விட்டதும் பிஸ்டன் முன்னாடி ஓடும், அதுக்கு துப்பாக்கி பின்னாடி வரும், அப்புறம் பிஸ்டன் காத்துல மோதி நிக்கறப்ப திரும்ப முன்னாடி ஒரு இடி. இவ்வளவு கூத்தும் குண்டு பேரல விட்டு போறதுக்குள்ள. ஒரு காலத்துல மேட்சுக்கே பிரேக் பேரல் தான், 1950கள்ல வால்தர் எல்ஜி 55 அப்படித்தான் இருந்துச்சு, அப்புறம் பேரல மடக்காம பக்கத்துல இருக்கற கம்பிய இழுத்து லோட் பண்ற சைடு லீவர் வந்து ஓரங்கட்டிடுச்சு.

ஆனா வீட்ல பொழுதுபோக்குக்கு ஒண்ணு வச்சிருந்தேன், மறைக்கல. அதுல மாட்டின ரைஃபிள் ஸ்கோப் விலை நாலாயிரம், அஞ்சாவது நாளே உள்ள குறுக்குக் கோடு சாஞ்சு கெடந்துச்சு. பெரிய துப்பாக்கில தாங்கற ஸ்கோப் இதுல செத்துரும், அந்த முன்பக்க இடி தான் காரணம். எந்த பிராண்ட்னு கேக்காதீங்க, தப்பு என்னுது, ஸ்ப்ரிங் துப்பாக்கிக்குன்னு ரேட் பண்ணத வாங்கிருக்கணும்.

இன்னொண்ணு, பெட்டி மேல போட்டிருக்கற ஸ்பீட பாத்து மயங்காதீங்க. 8.44 கிரெய்ன், அதாவது அரை கிராம் சொச்சம் எடை உள்ள குண்டுக்கு 20 ஜூல்னா நொடிக்கு 270 மீட்டர் சொச்சம், 900 அடி கூட வராது, கால்குலேட்டர்ல போட்டு பாருங்க. 1150 அடின்னு போட்டிருந்தா ஒண்ணு 5 கிரெய்ன் தக்கைக் குண்டு போட்டு அளந்திருப்பான், இல்ல 20 ஜூல தாண்டிருப்பான், தாண்டினா நமக்கு லைசென்ஸ் வேணும். சத்தத்தோட வேகத்த தாண்டின குண்டு நேரா போகவும் போகாது. பிரீமியம்னு விக்கறவன் மொதல்ல அந்த நம்பர பெட்டிலேர்ந்து எடுக்கட்டும், அப்ப யோசிக்கறேன்.

லண்டன் யாழ்ப்பாணத்தான்:

நான் இருக்கிறது இங்கிலாந்தில. துவக்கு எண்ட சொல்லைக் கேட்டாலே எங்கட அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கும், அதால முதல் ரெண்டு வருசமும் கிளப் துவக்கில தான் சுட்டனான், வீட்டுக்குக் கொண்டு வரேல்ல. இஞ்ச 12 அடி-பவுண்டுக்கு கீழ, உங்கட கணக்கில 16 ஜூல் சொச்சம், 18 வயசு எண்டால் கடைக்குப் போய் வாங்கலாம். ஸ்கொட்லாந்தில மட்டும் 2016 கடைசியில இருந்து சேர்டிபிகேட் கேக்கினம்.

பிறகு வைராக் ஹெச்டபிள்யூ 95 வாங்கினன். ஜெர்மன்காரன்ர சாமான். வாங்கின முதல் நாள் அழாக்குறை. பத்துக் குண்டும் பத்து இடம். இறுக்கிப் பிடிச்சு தோளோட அமத்திச் சுடுறன், அது உதறி உதறி எறியுது. பக்கத்தில நிண்ட கிழவர் ஒண்டும் பேசாமல் என்ர இடது கை விரலை ஒவ்வொண்டா விரிச்சு விட்டார். உள்ளங்கையில சும்மா கிடக்கட்டும், அது துள்ளுற மாதிரித் துள்ளட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் துள்ளினால் காணும் எண்டார். அண்டைக்கே 25 யார்டில பத்தில எட்டுக் குண்டு ஒரு ரெண்டு பென்ஸ் காசால மூடுற அளவுக்குள்ள வந்திட்டுது. ட்ரிகர் பற்றி என்ன சொல்ல, முதல் கட்டம் வழுக்கிக்கொண்டு போய் ஒரு சுவரில நிக்கும், அதுக்குப் பிறகு நீங்கள் நினைச்சாலே காணும்.

அந்தக் கிழவரிட்ட இருந்தது வால்தர் எல்ஜிவி. பேரலை மூடினால் தனியா ஒரு பூட்டுப் போட்டுக்கொள்ளும், வெடிக்கேக்க ஸ்ப்ரிங் சத்தமே கேக்காது, ‘தப்’ எண்டு மட்டும். எங்கட கிளப்பில அதைக் கையில வாங்கிச் சுட்டுப் பாத்து ‘ஆஹா’ சொல்லாத ஆள் ஒருத்தரும் இல்லை. காசு குடுத்து வாங்கினது அவர் ஒருத்தர் தான். இப்ப அதைப் புதுசாத் தேடினாலும் கிடைக்காது. தம்பி கேட்ட கேள்விக்கு இது தான் என்ர பதில்.

நெல்லை கட்டவெரல்:

பேரு ஏன் இப்படின்னு யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லுதேன். மலிவா ஒண்ணு வாங்கி நாலு வருசம் ஓட்டுனேன். ஒரு நாள் மடக்கி வச்சிட்டு, பேரல புடிக்காம, குண்ட ஓட்டையில வச்சு அமுக்குதேன், உள்ள கொக்கி தேஞ்சிருக்கு போல, படார்னு பேரல் தானா மேல ஏறி மூடிட்டு. நகம் அங்கயே போச்சு. கட்டை கழுத்துப் பக்கம் கீறல், பேரலும் லேசா மேல்நோக்கி வளைஞ்சு போச்சு. ஆஸ்பத்திரில எப்படி அடிபட்டுச்சுன்னாங்க, துப்பாக்கின்னேன், நர்ஸம்மா போலீசுக்கு போன் போட போயிட்டாங்க. பலூன் துப்பாக்கி பலூன் துப்பாக்கின்னு நான் கத்துன கத்துல பக்கத்து பெட்டு ஆச்சி எந்திரிச்சு உக்காந்துட்டாவ.

அண்ணாச்சிமாரே, எது வாங்கினாலும் குண்டு போடும்போது மத்த கையால பேரல கெட்டியா புடிச்சுக்கிடுங்க. மடக்கி வச்சிருக்கும்போது ட்ரிகர் அமுக்கினாலும் விடாத மாதிரி பூட்டு உள்ளதுக்கு நான் கூட காசு குடுப்பேன், வால்நட் கட்டையெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்.

ரெண்டு பொண்ணு அம்மா:

என் பெரிய பொண்ணு எட்டாவது, ஓபன் சைட் பிரிவுல, அதாவது ஸ்கோப் இல்லாம வெறும் இரும்பு குறிய பாத்து சுடற பிரிவுல ஆடறா. எல்லாரும் ட்ரிகர் கட்டைன்னு பேசறீங்க, மடக்கற பலத்த பத்தி யாருமே பேசலையே? கடையில காட்டின நல்ல மாடல மடக்க பதினஞ்சு கிலோ இழுவை வரும்னாங்க. அவளால பத்து தடவ முடிஞ்சுது, பதினோராவதுக்கு முட்டிய வச்சு மடக்க பாத்தா, நானே பிடுங்கி வச்சிட்டேன். ஒரு ப்ராக்டிஸ்ல அறுபது குண்டு போடணும். பவர் கம்மியா, எடை கம்மியா, அதே தரத்துல யாராவது செஞ்சா நாளைக்கே வாங்குவேன். ஜெர்மனில 7.5 ஜூல்ல தான நிறைய விக்கறாங்க, பேப்பர் அட்டைய தொளைக்க அது போதாதா?

மணப்பாறை:

வாங்குவேன். வீட்ல பில்லு கேக்காம இருந்தா.

சிங்காநல்லூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றிங்க. லண்டன் அண்ணன் சொன்னத படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. பொள்ளாச்சி பக்கம் நண்பர் தோப்புல ஒரு ஜெர்மன் ஸ்ப்ரிங் கன் இருக்கு, போன ஞாயித்துக்கெழம போயிட்டேன். பின்னாடி மண்மேடு, 25 மீட்டர்ல வரிசையா கொட்டாங்குச்சி. மொத பத்து வழக்கம்போல கேவலம். அப்புறம் விரல விரிச்சு விட்டு சுட்டேன் பாருங்க, கொட்டாங்குச்சி கண்ணையே குறி வச்சு அடிக்க ஆரம்பிச்சுட்டேன். அந்த மூடற சத்தம் இருக்கே, நல்ல காரோட கதவு மாதிரி. திரும்பி வர்ற வழியெல்லாம் எந்த எஃப்டிய உடைக்கறதுன்னு தான் யோசனை.

வீட்டுக்கு வந்து கடைசியா ஒரு தடவ என் பழைய இந்திய துப்பாக்கிய கையில எடுத்தேன். கட்டையும் இரும்பும் சேர்ற எடத்துல லேசா ஆடுது. பாத்தா முன்பக்க ஸ்க்ரூ ரெண்டும் ஒரு சுத்து லூசுங்க. அந்த இடி இடிக்கறதுக்கு கழண்டுக்கும் போல, நாலு வருசமா நான் கவனிக்கவே இல்ல. டைட் பண்ணி, மொட்டைமாடில சுவத்துக்கு முன்னாடி மண் மூட்டை அடுக்கி அட்டைய வச்சு, அதே மாதிரி விரல விரிச்சு விட்டு சுட்டேன். முன்னாடி உள்ளங்கை அளவுக்கு செதறும், இப்ப ரெண்டு ரூபா காசு அளவு.

இப்ப வாங்கறதுக்கு சொல்லிக்க ஒரு காரணமும் இல்லாம போச்சு, செம கடுப்புல இருக்கேன். அந்த ஸ்க்ரூவுக்கு பசை ஏதாச்சும் போடலாமா, இல்ல ஸ்ப்ரிங் வாஷரே போதுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. தோப்பு நண்பர் அத விக்கற ஐடியா இருக்கான்னும் கேட்டு வச்சிருக்கேன், இன்னும் பதில் வரல.