ஒரே பிளேட், ஒரே பிரஸ்: ஒரு துண்டு வளைகிறது, இன்னொன்று ஏன் வெடிக்கிறது?

வடசேரி பட்டறை:
நாகர்கோவிலில் டிப்பர் தொட்டி கட்டுகிறோம். வண்டி எடை குறைய வேண்டும் என்று குவாரிக்காரர்கள் இப்போது எம்.எஸ். (சாதாரண மென் இரும்பு) பிளேட்டை விட்டுவிட்டு 6 மில்லி ஹை டென்சைல் (அதிக வலிமை இரும்பு) கேட்கிறார்கள். 90 டிகிரி மடக்கும்போது சில துண்டுகள் அழகாக வளைகின்றன, சிலவற்றில் வெளிப்பக்கம் வெடித்துவிடுகிறது. இரும்பு ஆலை தரும் மில் சர்டிபிகேட்டில் கார்பன், மாங்கனீஸ் எல்லாம் ஒரே அளவுதான். மேல்பரப்பின் கலவை வேறாக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஒரே இரும்பில் மேலே ஒன்று, உள்ளே ஒன்று என்று இருக்குமா? கேஸ் டார்ச்சில் சூடாக்கி மடக்கினால் சரியாகுமா?

கோணம் மெட்டலர்ஜி:
இருக்கும் அண்ணே. சர்டிபிகேட்டில் வருவது உருக்கிய இரும்பில் எடுத்த மாதிரியின் கலவை, பிளேட்டின் தோலை அளந்து யாரும் எழுதுவதில்லை. உலையில் 900 டிகிரிக்கு மேல் காற்றுப்பட இருக்கும்போது மேல்பரப்பின் கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து வாயுவாகப் போய்விடும், அந்தத் தோல் மென்மையாகிவிடும். மடக்கும்போது அதிகம் நீள்வதும் அதே வெளித்தோல்தான். கணக்கு எளிது: மடிப்பின் உள் ஆரத்தை இரட்டித்துத் தடிமனைக் கூட்டுங்கள், அதனால் தடிமனை வகுங்கள். 6 மில்லி பிளேட்டை 6 மில்லி ஆரத்தில் மடக்கினால் வெளித்தோல் 33 சதவீதம் நீள வேண்டும், 18 மில்லி ஆரத்தில் 14 சதவீதம் போதும். அவ்வளவு நீளும் இடத்தில் சில பத்து மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மென்தோல் இருந்தாலே வெடிப்பு தொடங்குவது தள்ளிப்போகும்.

கார்களுக்கான 1500 மெகாபாஸ்கல் வலிமையுள்ள போரான் ஸ்டீலில் இது நன்றாகத் தெரியும். அதன்மேல் அலுமினியம்-சிலிக்கான் பூச்சு இருந்தால் சூடாக்கும்போது கார்பன் வெளியே போக முடியாது, பூச்சுக்கு அடியிலேயே சேர்ந்து அந்த இடம் இன்னும் கடினமாகிறது. பூச்சில்லாத தகட்டைவிட அது குறைந்த கோணத்திலேயே வெடிக்கும்.

மார்த்தாண்டம் பேப்ரிகேட்டர்:
தம்பி சொன்னது சரி. ஆனால் தொட்டி பிளேட்டில் மென்தோலை நம்பி வேலை செய்ய முடியாது, கல் உராயும் பக்கத்தில் அது சீக்கிரமே தேய்ந்தும் போகும். வெடிப்பு ஓரத்தில் தொடங்குகிறதா, நடுவிலா? ஓரம் என்றால் கேஸ் கட்டிங்கைப் பாருங்கள். வெட்டிய முகத்தில் கார்பன் கூடும், சட்டென்று ஆறுவதால் அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மடிப்பு வரும் இடத்தில் அதைக் கிரைண்டரில் வழித்து முனையை உருட்டிவிடுங்கள், பிசிறு உள்பக்கம் இருக்கட்டும். நடுவில் என்றால் ரோலிங் திசை. மாங்கனீஸ் சல்பைடு துணுக்குகள் உருட்டிய திசையில் நீண்டு கிடக்கும், மடிப்புக் கோடு அதே திசையில் போனால் அதை ஒட்டியே கிழியும், குறுக்காகப் போகும்படி வெட்டுங்கள்.

குளச்சல் பக்கம் உப்புக்காற்றில் அடுக்கி வைத்த பிளேட் என்றால் துருக்குழியிலிருந்தும் தொடங்கும். துருவை எடுக்க ஆசிட் மட்டும் வேண்டாம், ஹைட்ரஜன் உள்ளே போனால் இவ்வளவு கடின இரும்பு நொறுங்கத் தொடங்கும்.

டார்ச்சைத் தொடவே தொடாதீர்கள். அந்த வலிமை குவென்ச் செய்து (காய்ச்சி சட்டென்று குளிர்வித்து) வந்தது, மடிப்பைச் சிவக்கக் காய்ச்சினால் அங்கே அது போய்விடும், அப்புறம் ஹை டென்சைலுக்குக் கொடுத்த காசு வீண்.

வடசேரி பட்டறை:
பார்த்துவிட்டேன் அண்ணே, எல்லாமே கேஸ் கட்டிங் ஓரத்திலிருந்துதான் ஓடுகிறது. இங்கே இருக்கும் பஞ்ச் (பிளேட்டை மேலிருந்து அழுத்தும் கருவி) 10 மில்லி ஆரம், அது போதுமா?

கோணம் மெட்டலர்ஜி:
10 மில்லியில் வெளித்தோல் 23 சதவீதம் நீளும், இந்த வகை பிளேட்டுக்கு அது அதிகமாக இருக்கலாம். ஒவ்வொரு கிரேடுக்கும் குறைந்தபட்ச ஆரம் எவ்வளவு என்று பிளேட் கம்பெனியின் வளைப்பு அட்டவணையில் இருக்கும், ரோலிங் திசைக்குக் குறுக்காக ஓர் அளவு, நெடுக்காக ஓர் அளவு. சப்ளையரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். பஞ்ச் ஆரம் கூடினால் டை (பிளேட்டுக்கு அடியில் இருக்கும் அச்சு) வாயையும் அகலப்படுத்த வேண்டும், எம்.எஸ்.ஸைவிட அதிகம் திரும்பி விரியும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே மடக்குங்கள். முதலில் ஓரம் வழித்த துண்டு ஒன்று, வழிக்காத துண்டு ஒன்று, இரண்டையும் மடக்கிப் பார்த்துப் படம் போடுங்கள் அண்ணே.